இளவரசியர் பெயர் பெற்ற பச்சைக் கேக்

அரசர் பெயரால் வழங்கும் பொருள்கள் உலகில் பல. நகரங்களும் துறைமுகங்களும் வீதிகளும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றன. உண்ணும் பண்டங்களுக்கும் சில வேளைகளில் அச்சிறப்புக் கிட்டுவதுண்டு. பெயரைக் கேட்ட அளவில் அரசரும் அரசியும் நினைவுக்கு வருகின்றனர். அப்பொருளை ஆக்கிய கை நினைவுக்கு வருவதில்லை. வட ஐரோப்பாவின் சுவீடன் நாட்டிலே பிறந்தநாள், திருமணம், பரீட்சையிற் சித்தி முதலிய எந்த மகிழ்ச்சிக்கும் பந்தியின் நடுவே வைக்கப்படும் ஒரு கேக் உண்டு. அதனைச் சுவீடிய மொழியில் ‘பிரின்செஸ்தோர்த்தா’ என்பர். இளவரசி கேக் என்பது அதன் பொருள். அப்பெயருக்கு உரியவர்கள் மூன்று இளவரசியர். அக்கேக்கினை நாட்டுக்கு அளித்தவரோ ஒரு பள்ளி ஆசிரியை. இருவகையாரின் வரலாறும் ஒருங்கே நோக்கத்தக்கது.

முதலில் அப்பண்டத்தின் அமைப்பைக் காண்போம். புறத்தே பார்ப்பவருக்கு அது புல் மூடிய ஒரு சிறு குன்றுபோலத் தோன்றும். இளம்பச்சை நிறமான மெல்லிய போர்வை ஒன்று அதனை அடிமுதல் உச்சிவரை மடிப்பின்றி மூடியிருக்கும். உச்சியில் இளஞ்சிவப்பு நிறமான ரோசாப்பூ ஒன்றும், அதன்மேற் பனி பெய்தாற்போலத் தூவிய ஐசிங் சீனியும் காணப்படும். கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்தாற்றான் உள்ளிருக்கும் அடுக்குகள் வெளிப்படும். மென்மையான பஞ்சுக் கேக் அடுக்குகள். அவற்றினிடையே றாஸ்பெரிப் பழ ஜாமும் வனிலா மணக்கும் கஸ்ரட்டும். அவற்றின்மேல் அடித்துப் பொங்கச் செய்த பாலேட்டின் குவியல். யாவற்றையும் மூடும் பச்சைப் போர்வை. இன்று பெரும்பாலான கடைகளில் விற்கப்படும் கேக்கின் அமைப்பு இதுவே.

போர்வையாக அமைவது மார்சிப்பான் எனப்படும் பண்டம். வாதுமைப் பருப்பை நுண்ணிதாக அரைத்துச் சீனியுடன் பிசைந்து, உருளையால் மெல்லிய தகடாகத் தேய்த்து இதனை ஆக்குவர். அழகுக்காக மட்டும் இது போர்த்தப்படுவதன்று. பாலேடு காற்றுப்பட்டு உலர்ந்துபோகாமலும், அடுக்குகள் தம் ஈரத்தை இழவாமலும் இது காக்கின்றது. ஆயினும் இதனைப் போர்த்துவது எளிய செயலன்று. தடித்துவிட்டால் நாவிலே திகட்டும். மெலிந்துவிட்டால் வளைவிலே கிழியும். அடியிலுள்ள பஞ்சுக் கேக்கிற்கும் இத்தகைய நுட்பம் வேண்டும். முட்டையையும் சீனியையும் நெடுநேரம் அடிக்கும்போது நுண்ணிய காற்றுக்குமிழிகள் அவற்றினுள் அகப்படுகின்றன. போறணையின் வெப்பத்தில் அக்காற்று விரிந்து மாவை உயர்த்துகின்றது. அதே வெப்பத்தில் முட்டை இறுகி அவ்வுயரத்தை நிலைநிறுத்துகின்றது. அடித்தது போதாவிடில் கேக் எழாது. கஸ்ரட்டோ அடுப்பிற் சற்று மிகுந்த சூட்டிலே திரிந்துவிடும். ஆகவே இப்பண்டம் கைத்திட்டத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று. அளவும் நேரமும் சூடும் அறிந்து செய்யவேண்டியது. பிறர்க்குக் கற்பிக்கப்படத்தக்கது என்பதும் அதனாலேயே.

இதிற் சேரும் பொருள்கள் ஒவ்வொன்றும் சுவீடன் நாட்டுச் சாதாரண மக்களின் வீட்டை ஒரே நாளில் வந்தடையவில்லை. சீனி நெடுங்காலம் கடல் கடந்து வந்த அரும்பொருளாக இருந்தது. பேர்லின் நகரத்து இரசாயன அறிஞர் மார்க்கிறாவ் என்பார் பீற் கிழங்கிலும் சீனி உண்டென 1747ஆம் ஆண்டிற் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென் சுவீடனின் ஸ்கோனே மாகாணத்து வயல்களிற் பீற் பயிரிடப்பட்டு, ஆலைகள் பெருகிய பின்னரே சீனி எல்லார்க்கும் எட்டும் விலைக்கு இறங்கியது. பாலேட்டின் கதையும் அத்தகையதே. பாலைத் தட்டங்களில் ஊற்றி, ஏடு மிதந்து வரும்வரை காத்திருந்த நிலையை மாற்றி, சுழலும் பொறியால் அதனை உடனே பிரித்தெடுக்கும் முறையை 1878ஆம் ஆண்டில் அளித்தவர் சுவீடிய பொறியியலாளர் குஸ்தாவ் டி லாவால் ஆவார். அதன் பின்னர் பாற்சாலைகள் நாடெங்கும் வளர்ந்தன.

பஞ்சுக் கேக்கினைச் செய்யும் சுவீடியர் கோதுமை மாவுடன் உருளைக்கிழங்கு மாவையும் சேர்ப்பது பெருவழக்கு. கேக் மென்மையும் நொய்மையும் பெறுவதற்கு அது உதவுகின்றது. உருளைக்கிழங்கிலிருந்து மாவெடுக்கும் முறையை ஆராய்ந்து 1746ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர் ஏவா ஏக்கபிளாட் என்னும் பெருமாட்டி. பஞ்ச காலங்களில் தானியத்தை மிச்சப்படுத்த அவ்வாராய்ச்சி வழிகாட்டியது. 1748ஆம் ஆண்டிற் சுவீடன் அரச விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தெரிவு செய்தது. அக்கழகத்திலே இடம்பெற்ற முதற் பெண் அவரே. அப்போது அவர்க்கு வயது இருபத்துநான்கு. ஆயினும் 1751ஆம் ஆண்டில் அவர் கௌரவ உறுப்பினராக மாற்றப்பட்டார். முழு உறுப்புரிமை ஆடவர்க்கே உரியதென்ற எண்ணமே அதற்குக் காரணம். சமையலறையிற் பிறந்த அறிவு எவ்வளவு பயன் தந்தாலும், அதனை அறிவெனக் கொள்வதற்கு உலகம் தயங்கியது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று.

கோப்பியும் இவ்வரலாற்றிலே இடம்பெறும். பதினெட்டாம் நூற்றாண்டில் அரசு அதனை வீண்செலவெனக் கருதி 1756ஆம் ஆண்டிலே தடை செய்தது. அதன் பின்னரும் பலமுறை தடைகள் விதிக்கப்பட்டன. மக்கள் மறைவிலே அருந்தினர். இறுதியான தடை 1820களின் தொடக்கத்தில் நீங்கியபின், கோப்பியும் அதனோடு உண்ணும் இனிப்புப் பண்டங்களும் சுவீடிய வாழ்வில் நிலைபெற்றன. விருந்தினர் வந்தால் கோப்பியும் கேக்கும் வைப்பது வீட்டின் மானத்தைக் காக்கும் செயலாயிற்று. நகரங்களிற் கோப்பியுடன் கேக் பரிமாறும் கடைகள் தோன்றின. பெண்கள் ஆடவர் துணையின்றிச் சென்று அமர்ந்து உரையாடத்தக்க பொது இடங்களாகவும் அவை விளங்கின.

சமையலை எழுதிவைக்கும் மரபு அந்நாட்டிற் பெண்களாலேயே வளம்பெற்றது. ஸ்ரொக்ஹோம் நகரிலே பெரிய குடும்பங்களின் இல்லத்தை நிருவகித்த காய்சா வார்க் என்னும் அம்மையார், இளம் பெண்களுக்கு உதவும் இல்லறக் கைந்நூல் ஒன்றினை 1755ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது பதிப்புமேற் பதிப்பாக வெளிவந்து, வேற்று மொழியிலும் பெயர்க்கப்பட்டது. 1879ஆம் ஆண்டில் மருத்துவரான சார்ள்ஸ் எமில் ஹாக்டால் சமையலை விஞ்ஞானமாகவும் கலையாகவும் விளக்கி ஒரு பெருநூல் எழுதினார். அடுத்த படியாக, நூலில் இருந்த அறிவு வகுப்பறைக்கு வந்தது. 1895ஆம் ஆண்டில் உப்சாலா நகரிலே மனையியல் ஆசிரியைகளைப் பயிற்றும் கல்விக்கூடம் அமைந்தது. 1842ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊர்தோறும் பொதுப் பள்ளிகளும், 1873ஆம் ஆண்டிற் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவும் திறந்த நாட்டிலே, வீட்டுவேலையும் முறையாகக் கற்கத்தக்க ஒரு பாடமே என்னும் கொள்கை இவ்வாறு வேரூன்றியது.

இச்சூழ்நிலையிலேதான் ஜென்னி ஓக்கர்ஸ்ரோம் என்னும் ஆசிரியை தோன்றுகிறார். அவர் 1867ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1909ஆம் ஆண்டில், தம் நாற்பத்திரண்டாம் வயதளவில், ஸ்ரொக்ஹோம் நகரிலே இல்லத்தலைவியர்க்குரிய பள்ளியொன்றைத் தொடங்கினார். சமைத்தல், சுடுதல், பரிமாறுதல், கணக்கு வைத்தல், இல்லத்தைத் தூய்மையாகப் பேணுதல் ஆகியன அத்தகைய பள்ளிகளின் பாடங்கள். வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள் அங்கே வந்து பயின்றனர். அவ்வாறு பயின்றவர்களுள் அரச குடும்பத்தைச் சேர்ந்த சகோதரியர் மூவரும் இருந்தனர்.

அப்போது சுவீடன் நாட்டை ஆண்டவர் ஐந்தாம் குஸ்தாவ் மன்னர். அவருடைய தம்பி கார்ல் இளவரசர் டென்மார்க் நாட்டு இளவரசி இங்கபோர்க் என்பாரை மணந்தார். இவர்களுக்கு மூன்று புதல்வியரும் ஒரு புதல்வரும் பிறந்தனர். மூத்தவர் மார்கரெத்தா, 1899ஆம் ஆண்டிற் பிறந்தவர். அடுத்தவர் மேர்த்தா, 1901ஆம் ஆண்டிற் பிறந்தவர். இளையவர் அஸ்ரிட், 1905ஆம் ஆண்டிற் பிறந்தவர். பணியாளர் பலர் சூழ வாழும் இளவரசியர் அடுப்பங்கரைப் பாடம் கற்க வேண்டிய தேவை யாது என்று கேட்கத் தோன்றும். காலம் மாறிக்கொண்டிருந்தது என்பதே அதற்கு விடை. முதலாம் உலகப் போரின் முடிவில் உருசியா, செருமனி, ஒஸ்திரியா ஆகிய நாடுகளின் அரியணைகள் சரிந்தன. 1919ஆம் ஆண்டிற் சுவீடன் பாராளுமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. 1921ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் முதன்முறை வாக்களித்தனர். மக்கள் அரசுரிமையைக் குடியாட்சியின் கண்கொண்டு நோக்கத் தொடங்கிய அக்காலத்தில், உழைக்கவும் ஒரு வீட்டை நடத்தவும் அறிந்த இளவரசி, அணிமணி பூண்டு நிற்கும் இளவரசியினும் மக்கள் மனத்துக்கு அண்மையளாக இருந்தாள்.

1929ஆம் ஆண்டில் ஓக்கர்ஸ்ரோம் அம்மையார் தம் பள்ளியில் ஆண்ட முறைகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். ‘இளவரசியரின் சமையல் நூல்’ என்று அதற்குப் பெயரிட்டார். அந்நூலின் துணைத்தலைப்பு கருதத்தக்கது: அன்றாட இல்ல உணவும் திருநாள் உணவும் என்பது அதன் கருத்து. அரச குலத்தார் பெயரைத் தாங்கிய நூலில் அன்றாட உணவே முதலில் வைக்கப்பட்டது. மாணவியர் மூவரின் பெயர் நூலுக்குப் புகழ் சேர்த்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாங்கியவர்கள் அதனை அலமாரியில் அழகுக்காக வைக்கவில்லை. அடுப்பருகே விரித்து வைத்து, அதன்படி சமைத்தனர். பதிப்புகள் பெருகின. ஆங்கிலத்திலும் அந்நூல் வெளிவந்தது.

இன்றைய இளவரசி கேக்கின் மூலமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது அந்நூலின் 1948ஆம் ஆண்டுப் பதிப்பிற் காணப்படும் ஒரு செய்முறையாகும். அங்கே அதற்கு இளவரசி கேக் என்ற பெயர் இல்லை. பச்சைக் கேக் என்றே பெயர். இளவரசியர் மூவரும் அதனைப் பெரிதும் விரும்பி உண்டனர் என்றும், அதனாலே பின்னாளில் மக்கள் அதனை அவர்கள் பெயரால் அழைத்தனர் என்றும் வழக்கு உண்டு. இங்கே வரலாறு கற்போர் சற்று நின்று ஆண்டுகளை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். பச்சைக் கேக் என்ற பெயருக்கு அச்சிட்ட நூல் சான்று. இளவரசியரின் விருப்பத்துக்கு வாய்வழி மரபே சான்று. அவ்விரண்டையும் ஒரே தராசில் இடலாகாது.

1948ஆம் ஆண்டில் அந்த மூவரின் நிலை யாது? மார்கரெத்தா 1919ஆம் ஆண்டிலேயே டென்மார்க் நாட்டு அக்செல் இளவரசரை மணந்து சென்றுவிட்டார். மேர்த்தா 1929ஆம் ஆண்டில், சமையல் நூல் வெளிவந்த அதே ஆண்டில், நோர்வே நாட்டு முடிக்குரிய இளவரசர் ஓலாவை மணந்தார். 1940ஆம் ஆண்டிற் செருமனியப் படைகள் நோர்வேயைக் கைப்பற்றியபோது, அவர் மூன்று குழந்தைகளுடன் முதலிற் சுவீடனுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் செல்ல நேர்ந்தது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேதான் தம் நாடு திரும்பினார். கணவர் முடிசூடுமுன்னே 1954ஆம் ஆண்டில் அவர் காலமானார். அஸ்ரிட்டின் கதை இன்னும் துயரமானது. 1926ஆம் ஆண்டிற் பெல்ஜிய இளவரசர் லியோபோல்டை மணந்த அவர் 1934ஆம் ஆண்டில் அந்நாட்டின் அரசியானார். பொருளாதார நெருக்கடியால் மக்கள் வாடிய 1935ஆம் ஆண்டில், ஏழைகளுக்கு உணவும் உடையும் பணமும் திரட்டித் தருமாறு தம் பெயராலேயே நாட்டுக்கு வேண்டுகோள் விடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆம் நாள் சுவிற்சர்லாந்திலே, கணவர் செலுத்திய மோட்டார் வண்டி வீதியை விட்டு விலகி மோதியதில் உயிர் துறந்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்தொன்பது.

ஆகவே பச்சைக் கேக்கின் செய்முறை 1948ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சேறியபோது, இளையவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. மற்றை இருவரும் ஐம்பது வயதை அணுகியிருந்தனர். பள்ளியறையிலே கை முழுதும் மாவுடன் நின்ற மூன்று இளம் பெண்களைச் சுவீடிய மக்கள் தம் நெஞ்சிலே அழியாது வைத்திருந்தனர். வேற்று நாடுகளுக்கு மணமாகிச் சென்ற தம் பிள்ளைகளை நினைக்கும் பெற்றோர்போல அவர்கள் அம்மூவரையும் நினைந்தனர். கேக்கிற்கு இளவரசி என்னும் பெயர் நிலைத்ததற்கு நாவின் சுவையைப் போலவே இந்த நினைவும் ஒரு காரணமாதல் கூடும்.

போரினாற் சுவீடன் நேரே தாக்கப்படவில்லை. ஆயினும் கடல்வழி வாணிகம் தடைப்பட்டமையால் 1940ஆம் ஆண்டு முதல் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. சீனியும் கோப்பியும் முதலிலேயே பங்கீட்டுக்கு உட்பட்டன. அவ்வாண்டுகளில் முட்டையும் பாலேடும் வாதுமையும் நிறைந்த கேக் என்பது நினைத்து ஏங்கும் பொருளாகவே இருந்தது. போருக்குப் பின்னரும் கோப்பிப் பங்கீடு மீண்டும் வந்து, 1951ஆம் ஆண்டிலேயே முற்றாக நீங்கியது. பற்றாக்குறை நீங்கிய காலத்தில் எளிய வீட்டாரும் விழாநாளில் ஒரு முழுக் கேக்கினை விலைகொடுத்து வாங்கும் நிலையை அடைந்தனர். பள்ளியில் மாணவியர் கற்ற பண்டம் கடைக்காரரின் கைக்கு மாறியது. குன்றுபோன்ற வடிவமும் பச்சை நிறமும் எங்கிருந்து நோக்கினும் அடையாளங் காணத்தக்கனவாக இருந்தமையால், கடைக் கண்ணாடியின் பின்னே அது தனக்கெனத் தனியிடம் பெற்றது.

இங்கே ஒரு கேள்வியை மறைத்தல் முறையன்று. மனையியற் பள்ளிகள் பெண்களை உயர்த்தினவா, அன்றி அடுப்பங்கரையிலேயே நிறுத்தினவா? இருபக்கமும் உண்மை உண்டு. ஓக்கர்ஸ்ரோம் அம்மையாரின் பள்ளிக்குக் கட்டணம் செலுத்தி வந்தவர்கள் வேலைக்காரியரை வைத்து வாழ்ந்த குடும்பத்துப் பெண்களே. அவர்கள் ஓராண்டு கற்ற பாடத்தை, அவ்வேலைக்காரியர் சிறு வயதுமுதல் சான்றிதழும் புகழும் இன்றிச் செய்துவந்தனர். அவர்களுடைய வேலை நேரத்துக்கு வரம்பிட்ட சட்டம் 1944ஆம் ஆண்டிலேதான் அந்நாட்டில் இயற்றப்பட்டது. எனினும் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். வீட்டுவேலைக்கு அளவுண்டு, முறையுண்டு, காரணமுண்டு, கற்பிக்க ஆசிரியை வேண்டும் என்று உலகம் ஏற்றுக்கொண்டபோது, அவ்வேலையைச் செய்தவர்களின் மதிப்பும் உடன் உயர்ந்தது. மன்னர் குலத்துப் பெண்களும் கற்கும் தகுதி வாய்ந்தது அத்தொழில் என்பதை அம்மூவரின் பெயர் மக்களுக்கு உணர்த்தியது. அளவு குறித்து எழுதப்பட்ட செய்முறைக்குக் குலவேற்றுமை இல்லை. அதன்படி செய்தால் அரண்மனையிலும் கேக் எழும். மீனவர் வீட்டிலும் எழும். அரச மாளிகையோடு தொடர்புடைய ஒரு பண்டம் அரைநூற்றாண்டுக்குள் நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரியதாயிற்று என்றால், அதற்கு அடிப்படை அந்த எழுத்தே.

ஓக்கர்ஸ்ரோம் அம்மையார் 1957ஆம் ஆண்டிற் காலமானார். தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த அவர், தம் மாணவியர் இருவரின் மறைவைக் கண்ட பின்னரே மறைந்தார். அம்மாணவியரின் மைந்தர் அரசராயினர். அஸ்ரிட்டின் புதல்வர்களான போதுவானும் அல்பேர்ட்டும் ஒருவர்பின் ஒருவராகப் பெல்ஜியத்தை ஆண்டனர். மேர்த்தாவின் மைந்தர் ஹரால்ட் 1991ஆம் ஆண்டில் நோர்வேயின் அரசரானார். ஆயினும் சுவீடனிலே அத்தாயரின் பெயரை நாடோறும் நினைவூட்டுவது மணிமுடியன்று. கடைகளில் விற்கும் ஒரு கேக்தான்.

காலப்போக்கில் அதன் நிறமும் வேளைக்கேற்ப மாறலாயிற்று. உயிர்த்த ஞாயிறுக்கு மஞ்சள், நத்தாருக்குச் சிவப்பு, திருமணத்துக்கு வெண்மை எனப் போர்வையை மாற்றுவர்; ஆயினும் பச்சையே அதன் இயல்பான நிறமாக எண்ணப்படுகின்றது. செப்டெம்பர் மாதத்தின் மூன்றாம் வாரத்தை இளவரசி கேக் வாரமாகக் கொண்டாடும் வழக்கம் 2004ஆம் ஆண்டில் தோன்றியது. விற்பனையின் ஒரு பகுதியை, நோயாலும் உடற்குறையாலும் வருந்தும் பிள்ளைகளுக்கு உதவும் விக்டோரியா இளவரசியின் நிதிக்கு அளிப்பதும் அதனோடு இணைந்திருந்தது. அந்த விக்டோரியா, 1980ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தால், ஆண் பெண் வேறுபாடின்றி மூத்த பிள்ளைக்கே அரசுரிமை என்ற முறையில் முடிக்குரியவரானவர். வேறு நாட்டுக்கு மணமாகிச் செல்வதே இளவரசியின் விதி என்றிருந்த அந்த மூவரின் காலத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

பெயர் மூன்று இளவரசியர்க்கு உரியது. புகழும் அவர்க்கே சென்றது. அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் அரசகுமாரியும் அலுவலர் மகளும் ஒரே மேசையருகே நின்று முட்டை அடிக்கக் கற்ற ஒரு வகுப்பறையும், கற்பித்ததை அளவு பிழையாமல் எழுதிவைத்த ஓர் ஆசிரியையும் இல்லாதிருந்தால், அப்பச்சைக் கேக் அவ்வகுப்பின் நாலு சுவருக்குள்ளேயே பிறந்து மறைந்திருக்கும். விழாநாளில் அதனை வெட்டும் சுவீடியர் பலர்க்கு ஜென்னி ஓக்கர்ஸ்ரோம் என்ற பெயர் தெரியாது. அவர் கற்பித்த பாடமோ வெட்டும் துண்டுதோறும் அவர்கள் முன்னே இருக்கின்றது. நல்லாசிரியர் பலர்க்கு உலகம் அளிக்கும் நினைவுச்சின்னம் இத்தகையதே.